சாயங்காலத்தில் கனக்கும் துப்பாக்கி

துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு முக்கால்வாசி வேலை, பிள்ளைகளைச் சுடாமல் படுத்திருக்க வைப்பதுதான். பாட்டு வாத்தியார்களே, ஓட்டப்பந்தயத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்களே, உங்களுக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரிந்திருக்கும். ஒரு பிள்ளை நன்றாகச் செய்தால் அது அவன் பிறவித் திறமை. சொதப்பினால் வாத்தியார் சரியில்லை.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, காலையில் தமிழும் பகலில் இங்கிலீஷும் படித்து, இருபது வயதில் சென்னைக்குப் போனவன். பட்டாளத்து ஆயுதக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தபோது குறி பார்க்கப் பழகினேன். நாற்பதைத் தாண்டித் திரும்பி வந்தபோது, கோலாலம்பூரில் ஓர் ஆங்கிலப் பள்ளி என்னை வாத்தியாராக எடுத்துக்கொண்டு, கேடட் பிள்ளைகளின் ரைபிள் குழுவையும் தலையில் கட்டிவிட்டது.

கோணிப்பையில் படுக்கை

பள்ளிக்குப் பின்னால் மண்மேடு ஒன்று. அதன் முன் மரச்சட்டங்களில் எண் போட்டு அட்டைகள் தொங்கும். இருபத்தைந்து கஜம் தள்ளி, கோணிப்பையில் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். சிவப்பெறும்பு கடிக்கும், வியர்வை கண்ணில் இறங்கும். அசையக் கூடாது. முதல் மாதம் முழுக்கத் தோட்டாவே தரமாட்டேன். படு, மூச்சை விடு, பாதியில் நிறுத்து, விசையை அழுத்து, எழுந்திரு. இவ்வளவுதான் பாடம்.

ஒரு நாள் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், மகன் துப்பாக்கி சுடுவதைப் பார்க்க ஆசையாக வந்தார். அரை மணி நேரம் வெயிலில் நின்றார். மகன் கோணிப்பையில் கிடந்தான். ஒரு வெடிச் சத்தமும் இல்லை. கடைசியில் என்னிடம் வந்து, மரியாதையாகத்தான் சொன்னார்.

“மாஸ்டர், படுத்துக் கிடக்க இவன் வீட்டிலேயே நல்லாப் பழகிட்டான். முடிஞ்சா எழுந்திருக்கச் சொல்லிக் குடுங்க.”

காலைக் கை, மாலைக் கை

வீராசாமி வந்தது அந்த வருஷம்தான். பதினாறு வயது, ஒல்லி, சட்டைக் காலரில் மூன்று தையல். சனிக்கிழமைக் காலைகளில் அவன் சுடும் பத்துக் குண்டும் ஒரு பத்துக்காசு நாணயத்துக்குள் அடங்கிவிடும். பட்டாளத்தில்கூட அப்படிப்பட்ட கையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் வாரநாள் மாலைகளில், பள்ளி முடிந்து, விளையாட்டு முடிந்து, எங்கள் முறை வருவதற்குள் ஐந்தரை ஆகிவிடும். அப்போது அதே பையன், அதே ரைபிள், பத்தில் நாலு குண்டு அட்டையிலேயே இருக்காது. அவை எங்கே போயின என்று நான் தேடவில்லை. மண்மேட்டுக்குள் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அசட்டை என்று முடிவு செய்தேன். ரைபிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டேன். மறுப்பே சொல்லாமல் ஓடினான். அது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. “காலையில் இருக்கிற கை சாயங்காலம் எங்கேடா போகுது?” என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்:

“சாயங்காலத்துல துப்பாக்கி கனக்குது சார்.”

ஜோடி

குழுவில் அவனுக்கு அடுத்த கை துரைசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரப் பையன், அப்பா ரயில்வே குமாஸ்தா. பயிற்சி முடிந்ததும் இருவரும் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில்தான் வீட்டுக்குப் போவார்கள். வீராசாமி எப்போதும் ஒரு அடி பின்னால், துரைசிங்கத்தின் சட்டை நுனியைப் பிடித்தபடி நடப்பான். மற்றப் பையன்கள், “பொண்ணு மாப்பிள்ளை போறாங்க, வழி விடுங்கடா!” என்று கத்துவார்கள். நானும் சிரித்தேன். பதினாறு வயதுப் பிள்ளை இன்னொருவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பதேன் என்று, இங்கிலீஷும் தமிழும் படித்த இந்தத் தலைக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் கேலியாகத் துரைசிங்கத்திடமே கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

“பாதை வழுக்குது சேர், அதுதான்.”

அன்று மழையே இல்லை.

ஒரு கடிதம்

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. வீராசாமியின் தகப்பனார் செந்தூல் ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடித்தவர். ஆள் குறைத்தபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள். வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டில் ஐந்து பிள்ளைகள். மூன்று மாதமாகக் கஞ்சியும் மரவள்ளியும் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

கிள்ளானில் நடக்கவிருந்த பள்ளிகளுக்கான போட்டியில் கேடயம் கிடைத்தால், குழுவின் நாலு பேருக்கும் தன் கையால் நற்சான்றுக் கடிதம் தருவதாகத் தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். ரயில்வே பட்டறையில் பழகுநர்களாக நாலே பேரை எடுக்கப் போகிறார்களாம். அந்தக் கடிதம் இருந்தால் இடம் உறுதி. கண், காது பரிசோதனை மட்டும் பாக்கி இருக்கும். வீராசாமியின் தகப்பனார் பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கையில் தொப்பி. தொப்பியை உருட்டிக்கொண்டே பேசினார்.

“அவன் ஒருத்தன் உள்ள போயிட்டா நாங்க கப்பல் ஏற வேண்டாங்க ஐயா. ஊர்ல எங்களுக்கு யாரு இருக்கா?”

நல்ல கை கடைசியில்

குழுவாகச் சுடும்போது ஒரு வழக்கம் உண்டு. நல்ல கையைக் கடைசியில் வைப்போம். முன்னவர்கள் விட்டதை அவன் எடுத்துக் கொடுப்பான். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. பட்டாளத்தில் செய்தார்கள், நானும் செய்தேன்.

கிள்ளானில் இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டிய போட்டி, மழையால் நாலரைக்குத்தான் தொடங்கியது. எங்களுக்கு ஐந்தாம் எண் சட்டம். ஒருவர் பின் ஒருவராக நாலு பேரும் அதில்தான், ஆளுக்கு ஒன்றாக மழையில் நனைந்து மங்கிய அட்டைகளை மாட்டிச் சுட வேண்டும். வானம் வெளுக்கவே இல்லை. வீராசாமி என்னிடம் வந்தான். “சார், என்னை முதல்ல விடுங்க சார்.” பயம் என்று நினைத்தேன். முடியாது என்றேன். சற்று நேரத்தில் துரைசிங்கம் வந்தான். “சேர், அவனை முதல்ல விடுங்கோ. கடைசியில நான் சுடுறன்.” “குழுவுக்கு வாத்தியார் நீயா, நானா?” என்று அவன் வாயையும் அடைத்தேன்.

முதல் மூன்று பேர் ஒழுங்காகச் சுட்டார்கள். வீராசாமி சுமாராகச் சுட்டாலே கேடயம் எங்களுக்கு. அவன் படுத்தபோது மணி ஆறு. கயிற்றுக்குப் பின்னாலிருந்து நாங்கள் வாய் திறக்கக் கூடாது. பக்கத்தில் ஆறாம் எண் இடம் காலியாக இருந்தது. மறுநாளைக்கென்று யாரோ அதில் புது அட்டை மாட்டியிருந்தார்கள். நனையாத அட்டை, பளிச்சென்று வெள்ளை. பத்துக் குண்டும் நிதானமாகச் சுட்டான். அவன் மூச்சை நிறுத்திய அழகைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அவனுக்கு மாட்டிய அட்டையைக் கொண்டுவந்தார்கள். ஒரு ஓட்டைகூட இல்லை. நடுவராக இருந்த வெள்ளைக்கார அதிகாரி தானே நடந்து போய் ஆறாம் எண் அட்டையைக் கழற்றி வந்தார். அதில் பத்து ஓட்டைகள். எட்டு, நடுக் கறுப்புக்குள். அதை என்னிடம் நீட்டி இங்கிலீஷில் சொன்னார்:

“உங்கள் பையன் பிரமாதமாகச் சுட்டிருக்கிறான். இந்த அட்டைக்குச் சொந்தக்காரர்தான் யாரும் இல்லை.”

சட்டை நுனி

கேடயம் வேறு பள்ளிக்குப் போனது. ரயிலடிக்கு நடந்தோம். ரைபிள் பெட்டியை மற்ற மூவரும் சுமந்து முன்னால் போனார்கள். வீராசாமியை ஏதோ கேட்க வேண்டும் என்று பின்தங்கினேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. கால்வாயைக் கடக்கப் போட்ட பலகை ஒன்று வந்தது. அதன் முன் அவன் நின்றுவிட்டான். காலை நீட்டித் தரையைத் தடவினான். பிறகு மெதுவாக என் சட்டை நுனியைப் பிடித்தான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. சாயங்கால அட்டைகள், ஆறாம் எண்ணின் பளிச்சென்ற வெள்ளை, மைதானத்தைச் சுற்றி மூன்று ஓட்டம், வழுக்காத பாதை. “ஏண்டா சொல்லல?” என்றேன். சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவீர்கள், விஷயம் ரயில்வேக்கும் போய்விடும் என்றான். பலகையைத் தாண்டினோம். பிறகு கேட்டான்:

“சார், ரயில்வேல கண்ணைக் காலையிலதானே பாப்பாங்க?”

ஒரு புட்டி

மறுநாளே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே நோய் பார்த்து மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஒரு மலையாளி, வயதானவர். இமையை விரித்துப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாய் என்று இரண்டே கேள்வி. சத்தில்லாத சாப்பாட்டால் வந்த மாலைக்கண் என்றார். ஒரு புட்டி மீன் எண்ணெய் எழுதிக் கொடுத்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. “இது போதுமா?” என்றேன். கோபித்துக்கொண்டார்.

“பதினஞ்சு நாள்ல சரியாயிடும். இத்தனை மாசம் இந்தப் பையன் கூட யாருமே இல்லையா?”

தொங்காங்

பதினைந்து நாள்கூட ஆகவில்லை, சரியாகிவிட்டது. தலைமை ஆசிரியரிடம் கடிதத்துக்காக இரண்டு முறை போய் நின்றேன். கேடயம் வந்தால் என்றுதானே சொன்னேன் என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அடுத்த மாதம் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் அந்தக் குடும்பம் கப்பலேறியது. அதே கம்பெனியின் கப்பலில்தான் நான் சென்னையிலிருந்து எதிர்த்திசையில் வந்திருந்தேன்.

வழியனுப்ப நானும் துரைசிங்கமும் போனோம். தகப்பனார் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அது எனக்குத் தாங்கவில்லை. ஏறும் வரிசை நகர்ந்து முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தண்ணீரில் சரக்கேற்றும் தொங்காங் படகுகள் கறுப்பாக மிதந்தன. வீராசாமி கப்பல் ஏணியின் பாதிப் படியில் நின்று, ஒரு கண்ணை மூடி, குறி பார்ப்பதுபோல் கை நீட்டினான்.

“சார், கடைசித் தொங்காங்குல நாப்பத்தொண்ணு போட்டிருக்கு. எனக்குத் தெரியுது சார்!”

இப்போதும் நான் பிள்ளைகளுக்குக் குறி பார்க்கத்தான் கற்றுக்கொடுக்கிறேன். இருபத்தைந்து கஜத்துக்கு அப்பால் இருப்பதையெல்லாம் நன்றாகப் பார்க்கிறவன் என்று ஊரில் எனக்குப் பெயர்.