மாமா வீட்டில் தங்கிவிட்ட ஹார்ட் டிஸ்க்

என் தம்பியின் காதுகுத்துக்கு மாமா தாமதமாக வந்தார். வேலையாகச் சாமராஜநகர் போய்த் திரும்பிய பஸ் வழியில் நின்றுவிட்டதாம். நல்ல நேரம் போய்விடுமே என்று அப்பா, தம்பியைப் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிட்டார். தாய்மாமன் இருக்க ஊரான் மடியா? மாமா இலையில் கைவைக்காமல் திரும்பிப் போனார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நடுவில் அம்மாதான் இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தாள்.

மறு வருடம் தசரா வந்தது. ஆயுதபூஜையன்று மைசூரில் பஸ்ஸுக்கு வாழைக்கன்று என்றால் மிக்ஸிக்குக் குங்குமம். எங்கள் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து, பூச்சூட்டி, அம்மா மாவிலையால் மஞ்சள் நீரைத் தாராளமாகத் தெளித்தாள். அது அப்போது ஓடிக்கொண்டிருந்தது. புஸ்ஸென்று ஒரு புகை. சாம்பிராணியே தேவைப்படவில்லை.

ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்ப்பதுதான் அப்பாவின் வேலை. திறந்து பார்த்து, போர்டு போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் தப்பித்தது என்றார். தம்பி பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை.

"என் தம்பிகிட்ட இதே மாதிரி மெஷின் இருக்குல்ல, அதுல போட்டுப் பாருங்க" என்றாள் அம்மா. அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு டிஸ்கைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்து ஸ்கூட்டரை எடுத்தார்.

தேவராஜ மொஹல்லா வீட்டில் மாமா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து "வாங்க" என்றார். அப்பாவும் என்னிடமே ஸ்க்ரூடிரைவர் கேட்டார். இப்படி இரண்டடி தூரத்தில் நின்றவர்களுக்கு நான் தூது போக, டிஸ்க் மாமாவின் கம்ப்யூட்டருக்குள் ஏறியது. திரை வெகுநேரம் கறுப்பாக இருந்தது. பிறகு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே அங்கு வந்துவிட்ட மாதிரி என் விளையாட்டு, அப்பாவின் ஃபைல்கள், எல்லாம் அப்படியே தெரிந்தன. அப்பா மறந்துபோன ஒன்றும் கூடவே வந்தது. திரை நிறைய, பக்கத்து வீட்டுக்காரர் மடியில் காது குத்திக்கொண்டு தம்பி அழும் படம்.

அப்பா அவசரமாக மவுஸைத் தேடினார். மாமா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமா அழறான்! என் மடியா இருந்தா அழுதிருப்பானா மச்சான்?"

"மாட்டான் மாப்ளே" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

கிளம்பும்போது அப்பா டிஸ்கைக் கழற்றப் போனார். மாமா தடுத்தார்.

"இர்லி மச்சான், இங்கயே இருக்கட்டும். இப்பத்தான் என் மெஷினுக்குப் பழகியிருக்கு. உடனே கழட்டினா படமெல்லாம் போயிடும்."

அப்பா கொஞ்சம் யோசித்து, அதுவும் சரிதான் என்றார்.

அதன்பின் ஞாயிறுதோறும் தம்பியையும் தூக்கிக்கொண்டு படம் பார்க்க அங்கே போனோம். படத்திலிருந்தவனை மாமா மடியை விட்டு இறக்கவில்லை. எங்கள் கம்ப்யூட்டருக்குப் புதுப் போர்டு வந்தும் டிஸ்க் வரவில்லை. என் விளையாட்டு அங்கே மாட்டிக்கொண்டதே என்று அப்பாவை நச்சரித்தேன். அவசரப்பட்டால் கெட்டுவிடும் என்பார்.

கழற்றி மாட்டினால் ஒன்றும் போகாது என்பது பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போதோ, ஊர்க் கம்ப்யூட்டரையெல்லாம் சரிசெய்கிற அப்பாவுக்கு இந்த ஒரு டிஸ்கைக் கழற்றத் தெரியவில்லையே என்று அவர்மேல் பரிதாபப்பட்டேன்.