செருங்கூமா செத்ததென்று சொன்ன ஹார்ட் டிஸ்க்

உகாண்டாவின் மசாக்கா ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செருங்கூமாவின் பழுதுபார்க்கும் கடை. பக்கத்தில் என் செருப்புக் கடை. போன், கணினி, ரேடியோ எதைக் கொடுத்தாலும் திறந்துவிடுவான். "தெரியாது" என்று மட்டும் அவன் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு பிப்ரவரியில் மாதா கோயில் எழுத்தர் நபுக்கென்யா வந்தார். இரட்டைப் பிள்ளை பெற்றவர் என்பதால் ஊருக்கே அவர் நாலோங்கோ. கோயிலின் பழைய கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றிக்கொண்டுவந்திருந்தார். செங்கல் கனம். இருபது வருட ஞானஸ்நானப் பதிவுகள் அதில் இருந்தன. காகிதப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது.

செருங்கூமா அதை ஒரு வயரால் தன் புது லேப்டாப்பில் இணைத்தான். திரையில் ஒன்றும் வரவில்லை. பிடுங்கி மறுபடி செருகினான். அப்போதும் இல்லை.

"என்ன டாக்டரே, நாடி கிடைக்கலையா?" என்றேன். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவன் முகம் இறுகியது. "டிஸ்க் செத்துப்போச்சு, நாலோங்கோ. யார்கிட்ட கொண்டுபோனாலும் இதேதான்."

அவர் நம்பினார். மறுவாரமே நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக நடந்து, ஒவ்வொரு பெயரையும் தேதியையும் கேட்டு எழுதத் தொடங்கினார்.

அக்டோபரில் உதிரிப் பாகம் வாங்கக் கம்பாலா போன செருங்கூமா, ஒரு கடைக்காரி அதேமாதிரி டிஸ்க்கை இணைப்பதைப் பார்த்தான். அவள் முதலில் ஒரு அடாப்டரைச் சுவரில் செருகி, டிஸ்க்குக்குத் தனியாகக் கரண்ட் கொடுத்தாள்.

"அது எதுக்கு?"

"லேப்டாப் குடுக்கற கரண்ட்ல இம்மாம் பெருசு எப்படிச் சுத்தும்? கடை வெச்சிருக்கேங்கறீங்க, இதுகூடத் தெரியாதா?"

அடாப்டர் வாங்கிக்கொண்டு திரும்பினான். மூன்று நாள் கோயில் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனான். நான்காம் நாள் லேப்டாப்பும் அடாப்டருமாக, என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனான்.

"நாலோங்கோ, அந்த டிஸ்க் சாகல. எனக்குத்தான் தெரியல. நாலு பேர் முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துச்சு."

காகிதங்கள் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்த டிஸ்க்கை அவர் எடுத்துக் கொடுத்தார். அடாப்டரைச் சுவரில் செருகியதும் அது முனகிச் சுழன்றது. திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. நாலோங்கோ விரலால் தேடி ஒரு பெயரில் நிறுத்தினார்.

"நல்வட்டா. மிஷன் நர்ஸ் பள்ளிக்குச் சான்றிதழ் கேட்டு ஜூன்ல வந்தா. அப்பா அம்மா உயிரோட இல்ல, தேதி சொல்ல ஆளில்ல. அழுதுட்டே போனா. இந்தா, தேதி இங்கதான் இருக்கு."

எங்கள் பக்கம் பெண்கள்தான் மரியாதைக்கு முழந்தாளிடுவார்கள். செருங்கூமா ஆண்பிள்ளை என்றும் பாராமல் முழந்தாளிட்டான்.

"எந்திரி. 'தெரியல, வேற ஆளைப் பாருங்க'ன்னு அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் போயிருப்பேனேடா."

என்னாலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கிண்டல் செய்தவன் நான்தானே.

நாலோங்கோ எழுதிக் கொடுத்த சான்றிதழை அவனே கொண்டுபோனான். நல்வட்டா சந்தையில் மரவள்ளி பொரித்துக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததை மறைக்காமல் சொன்னான். அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டாள்.

மறுவருடம் அவளுக்கு நர்ஸ் பள்ளியில் இடம் கிடைத்தது. அதை அவனிடம் சொன்னேன்.

"ஒரு வருசம் போச்சே," என்றான். "அவ ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்."