அம்பயரின் விரல்

கண்ணால் காண்பதே மெய் என்று யாரேனும் மேடையில் முழங்கினால், எதிரணியில் முதல் ஆளாக நான் எழுந்து நிற்பேன். அதற்குக் காரணம் நூலறிவு அன்று. என் வலக்கை விரல்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பெங்களூரு ஸ்ரீராம்புரத்தின் ஒரு சந்தில், மூடிய உறைக்குள் இருக்கும் பொம்மை எதுவென்று பிரிக்காமலேயே சொல்லிவிடும் ஆற்றல் அவ்விரல்களுக்கு இருந்தது. இருந்தது என்று சந்தே நம்பியது. சந்தைவிட அதிகமாக நான் நம்பினேன்.

சந்தின் முனையில் பாய் கடை. அங்கே ஒரு நாள் அட்டைப்பெட்டி நிறையப் பச்சை நிற உறைகள் வந்திறங்கின. ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் கிரிக்கெட் வீரன். எந்த உறையில் எவன் இருக்கிறான் என்பது வெளியே தெரியாது. கெட்டியான உறை அது. வெயிலில் தூக்கிப் பிடித்தாலும் உள்ளிருப்பவனின் நிழல்கூட விழாது. பிரித்தபின் வருபவன் விதி. வந்தவனே மறுபடி வந்தால் அதுவும் விதி. மற்றப் பிள்ளைகள் விதிக்குத் தலைவணங்கினார்கள். பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த எனக்கு, ஒரு பச்சை உறைக்குத் தலைவணங்குவது இழுக்காகப் பட்டது.

பெட்டிக்குள் கைவிட்டு, ஓர் உறையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுவேன். தட்டையாக ஒரு விளிம்பு இடறினால் அவன் மட்டைக்காரன். குத்துக்காலிட்ட விக்கெட் கீப்பர் புளியங்கொட்டைபோலத் திரண்டிருப்பான். தலைக்குமேல் ஒரு கை போய், அதன் நுனியில் மிளகளவு உருண்டை தட்டுப்பட்டால் பந்து வீசுபவன். நான் அறிவிப்பேன்; பிள்ளைகள் வாங்கிப் பிரிப்பார்கள்; அறிவித்தவனே வெளியே வருவான்.

“அரே, அமுக்காதேம்மா! உள்ள இருக்கிறவன் மூச்சு முட்டிச் செத்துப்பூடுவான்!” என்று பாய் அலறுவார். அலறுவாரே தவிர, பெட்டியை நகர்த்தமாட்டார். வியாபாரம் என்னைச் சுற்றித்தான் நடந்தது.

என் அணிக்கு எல்லாரும் வந்து சேர்ந்தார்கள், அம்பயர் மட்டும் வரவில்லை. கடையில் தொங்கிய வண்ணப் படத்தில், வெள்ளைத் தொப்பியும் ‘அவுட்’ என்று உயர்த்திய ஒற்றை விரலுமாக அவன் நின்றான். எங்கள் சந்தில் அவனை நேரில் கண்டவர் எவருமில்லை. நடுவர் இல்லாத ஆட்டம் ஆட்டமா? பேச்சுப் போட்டிக்கே நடுவர் வேண்டுமே!

அந்நாளில் என் முதல் அவை, வீட்டில் சித்திதான். அம்மாவின் தங்கை; எங்களோடு இருந்தாள். வேர்க்கடலையும் மிக்சரும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்களில் அடைத்து, பாய் கடைக்கும் பக்கத்துக் கடைகளுக்கும் போடுவாள். கவரின் வாயை, இரும்பறுக்கும் ஒரு ஹேக்ஸா பிளேடின்மேல் மடித்து, துருத்தி நிற்கும் விளிம்பை மெழுகுவத்திச் சுடரில் ஒரே இழுப்பாக இழுப்பாள். பிளாஸ்டிக் உருகி வாய் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் ஓட்டை, அவசரப்பட்டால் பிளவு. நான் அவளெதிரே நின்று கையை வீசிப் பேச, சுடர் ஆடும். “கையைக் கொஞ்சம் கீழே வச்சுப் பேசுடீ, மெழுகுவத்தி அணையுது” என்பாள். பேச்சை நிறுத்தச் சொன்னதே இல்லை.

ஒரு மாலை, கடைவாசலில் என் விரல்களில் ஏதோ புதிதாக இடறியது. உயர்ந்த கை, நுனியில் உருண்டை தெரியவில்லை. “இவனே அம்பயர்!” என்று அறிவித்தேன். எதிர்வீட்டு மஞ்சுவிலிருந்து சந்தின் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். பிரித்தேன். உள்ளே, அச்சில் கோளாறாகிப் பந்தில்லாமல் பிறந்த ஒரு பந்துவீச்சாளன் இளித்துக்கொண்டு நின்றான்.

“சுள்ளு! பூரா சுள்ளு!” என்று குதித்தான் மஞ்சு. கன்னடப் பையன், எங்களோடு தமிழில்தான் பேசுவான். ஆனால் பொய் என்பதைக் கன்னடத்தில் சொன்னால்தான் காரம் ஏறும் என்பது அவன் கொள்கை. “இத்தனை நாள் சும்மா குருட்டாம்போக்குல அடிச்சிருக்கே!”

அங்கே கவிழ்ந்து கிடந்த சோடாப் பெட்டியின்மீது ஏறினேன். வாழ்க்கையில் நான் ஏறிய முதல் மேடை அது. “நண்பர்களே! வருகின்ற ஆயுத பூஜைக்குள், உறையைப் பிரிக்குமுன்பே அம்பயரை அறிவித்து, இதே இடத்தில் பிரித்துக் காட்டுவேன். தவறினால் என் அணி முழுவதும் மஞ்சுவுக்கு! இது சத்தியம்!”

“பேச்செல்லாம் சரி. ஆள் எங்கே, மகாராணி?” என்றான் அவன்.

கடலைக் கவர்களைக் கொண்டுவந்த சித்தி, கூடையை இடுப்பில் இடுக்கியபடி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அணி பறிபோவதுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அதன்பின் நான் வாய் திறந்தால் யார் கேட்பார்கள்? அதுதான் என் அச்சம். இரவுச் சோற்றைப் பாதியில் வைத்து எழுந்தபோது சித்தி கேட்டாள்: “அந்த அம்பயர் கைக்கு எப்படிடீ தெரிவான்?”

கேள்வி கேட்ட அவையை நான் கைவிடுவேனா? தொப்பியின் விளிம்பு வட்டமாக இடறும், தூக்கிய கையின் நுனி குண்டூசித் தலைபோலக் குத்தும் என்று, நான் ஒருபோதும் தொட்டறியாதவனைப் பற்றி நெடுநேரம் விளக்கினேன். கழுவவேண்டிய தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

பள்ளி விட்டதும் பாய் கடைதான் கதியென்று கிடந்தேன். விரல் நுனிகள் சிவந்தன. அம்பயர் அகப்படவில்லை. இதற்கிடையில் ஒரு விந்தையைக் கண்டேன். சந்தின் வாண்டுகள் கையிலெல்லாம் திடீரென்று கிரிக்கெட் வீரர்கள். நடக்கவே தெரியாத குழந்தையொன்று விக்கெட் கீப்பரின் தலையைச் சப்பிக்கொண்டிருந்தது. மூக்கொழுகும் இரட்டையர் இருவரிடமும் ஆளுக்கொரு மட்டைக்காரன். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

“தடவிப் பார்க்கத் தெரியாதவங்க எல்லாம் கண்டதை வாங்கிக் குவிக்கிறாங்க, சித்தி!”

“ஆமாண்டி. எல்லாருக்கும் உன் கை வருமா?” என்றாள், சுடரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். சந்து முழுவதும் வாழைக்கன்றும் சாமந்தியும். அப்பா ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். மஞ்சு என் அணியை வைப்பதற்கென்றே ஒரு செருப்புப் பெட்டியை ஏந்திக் கடைவாசலில் காத்திருந்தான். நான் பெட்டிக்குள் கையை விட்டேன். மேலாகக் கிடந்த உறையிலேயே விரல் நின்றுவிட்டது. வட்டமாக ஒரு விளிம்பு. அதன்மேல் ஒரு கை. நுனியில், குண்டூசித் தலைபோல ஒரு குத்தல். நான் சொன்னது சொன்னபடி!

ஆயினும் முன்பு ஒருமுறை பட்டவள் அல்லவா? உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லா உறைகளுக்கும் இரு முனையும் ரம்பப்பல்போல வெட்டுப்பட்டிருக்கும். இதற்கு ஒரு முனை மட்டும் பல்லில்லாமல், நேராக, உருகி இறுகிய ஒரு கோடாக இருந்தது. கோட்டின் ஓரத்தில் மெல்லிய கருமை. அந்தக் கணத்தில் என் தர்க்க அறிவு சுடர்விட்டது. சோடாப் பெட்டிமீது ஏறினேன்.

“நண்பர்களே! ஆட்டக்காரர்கள் பலர்; நடுவர் ஒருவரே. ஆகவே கம்பெனிக்காரர்கள் நடுவரின் உறையை மட்டும் தனியாக ஒட்டுகிறார்கள். இதோ அந்த அடையாளம்! இவனே அம்பயர்!”

பிரித்தேன். வெள்ளைத் தொப்பி. உயர்த்திய விரல். சந்து அதிர்ந்தது. மஞ்சு பொம்மையை வாங்கிப் புரட்டினான், முகர்ந்துகூடப் பார்த்தான். பிறகு செருப்புப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “ஒத்துக்கறேன், மகாராணி” என்றான். பாய் எதுவும் அலறவில்லை. கடலைக் கவர்களை மும்முரமாக ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அதன்பின் வெகுநாள்வரை சந்தின் பிள்ளைகள் பல்லில்லாத உறையைத் தேடியலைந்தார்கள். அப்படி இன்னொன்று எங்கும் அகப்படவில்லை. அதையும் என் கொள்கைக்குச் சான்றாகவே எடுத்துரைத்தேன்.

மறுநாள் பூஜைக்கு அவரவர் கருவிகளை அடுக்கினோம். அப்பாவின் ஸ்பானர்கள், அம்மாவின் கத்தரிக்கோல், என் பேனா. சித்தி தன் ஹேக்ஸா பிளேடைத் துடைத்து வைத்தாள். விளிம்பில் படிந்த கரி எத்தனை துடைத்தும் போகவில்லை. நான் அந்த உறையைக் கொண்டுவந்து, கம்பெனிக்காரர்களின் இரகசியத்தை அவளுக்கு மறுபடி விளக்கினேன். அவள் அதை வாங்கி, ஒட்டிய கோட்டின்மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினாள். விரல் நுனியில் ஒரு கொப்புளம் இருந்தது.

“கெட்டிப் பிளாஸ்டிக். ஒட்டுறது சுலபமில்லை” என்றாள். பிறகு, “நல்லாத்தான் ஒட்டியிருக்காங்க, இல்லே?”

“சுமார்தான். ஓரம் கருகியிருக்கு பாரு” என்றேன்.

சித்தி சிரித்தாள். எதற்கு அவ்வளவு சிரித்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிளேடுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அவள் கையாலேயே அம்பயரின் தொப்பிக்கும் ஒரு பொட்டு வைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். கற்பூரம் எரிந்தது. கரி படிந்த பிளேடுக்கு அருகே நின்று, அம்பயர் என்னை நேராகப் பார்த்து விரலை உயர்த்தியிருந்தான். அது மஞ்சுவுக்குச் சொன்ன தீர்ப்பு என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.