யோசித்துச் சொல்கிறேன் என்ற பெரியப்பா

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

உங்கள் பெரியப்பா அவர்கள் நம்மை விட்டுப் போய் வருஷம் ஒன்று ஆகிறது. திதிக்கு வரும் சொந்தபந்தங்கள் கையில் கொடுக்க இந்த நினைவு மலரை அச்சுப் போடுகிறோம். அவர்களும் படிக்கட்டும். ஆனால் நான் எழுதுவது உங்களுக்காகத்தான். கருமாதி அன்று ஆற்றங்கரையில், "பெரியப்பாவுக்கு என்னதான் வேணுமாம்?" என்று கேட்டீர்கள். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பெரியப்பா அவர்கள் பிறந்தது திருச்சி ஜில்லாவில், முசிறிக்குப் பக்கம். மழை இல்லாமல் கூழுக்கும் வழியற்றுப் போனபோது, தாய் தகப்பனை இழந்திருந்த என்னையும் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறினார். கப்பலில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வயிறு நிறைய சோறு கெடச்சாப் போதும்டா தம்பி. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

இங்கே மலாயாவில், பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் சோறு கிடைத்தது. சோறு கிடைத்ததும், பால்மரம் வெட்டுகிற ஆளாகவே இருந்துவிடக் கூடாது, ஆட்களை மேய்க்கும் தண்டலாக வேண்டும் என்றார். பாடுபட்டு அதுவும் ஆனார். தண்டலான பிறகும் யாரையும் அதட்டிப் பேசியவரில்லை. காய்ச்சலில் கிடந்தவர்களுடைய மரங்களைத் தாமே வெட்டிக் கொடுத்ததைத் தோட்டத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

அப்புறம் பசு வேண்டும் என்றார். பசு வந்தது. பஜனைக்கு ஆர்மோனியம் வேண்டும் என்று மூவார் பட்டணம் வரை போய் வாங்கி, தலையில் சுமந்து வந்தார். அதில் ஒரு பாட்டு சரியாக வருவதற்குள், மூவார் ஆற்றோரம் கடை வைத்தால் எப்படியிருக்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

"உங்க அண்ணன் ஆசைய அடுக்கி வைக்க தனியா ஒரு லயத்து வீடு கட்டணும் தம்பி" என்பார் உங்கள் பெரியம்மா.

"லயம் எதுக்கு? பங்களாவே கட்டுவோம்!" என்று சிரிப்பார் பெரியப்பா.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றினார்கள். அவருக்குத் தண்டல் வேலை போயிற்று. பசுவும் போயிற்று, ஆர்மோனியமும் போயிற்று. எல்லாரும் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்ற காலம் அது. கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பார். "மோட்டார் வண்டி வாங்கினா இந்த எடத்துல திருப்ப முடியாதே" என்பார்.

"மொதல்ல கெழங்க முழுங்குங்க" என்பார் பெரியம்மா. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் முகத்தைப் பார்த்தால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். அவருக்கு அது மெய்யான கவலை. அதை எப்படித் தீர்ப்பது என்று எனக்குத் தெரிந்ததில்லை.

கடைசியில் குளிர்காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் என்னைத் தனியே கூப்பிட்டு, "கேக்கிறதக் குடுத்துடுங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அண்ணே, என்ன வேணும்? எதுவானாலும் சொல்லுங்க, கொண்டாந்துடுறேன்."

கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருடா. யோசிச்சுச் சொல்றேன்" என்று கண்ணை மூடினார். காத்திருந்தேன். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

கருமாதி அன்று இலையில் படைத்துவிட்டுக் காகத்தைக் கூப்பிட்டோம். வரவில்லை. பெரியம்மாவின் தம்பி, உங்கள் மாமா சொன்னார்: "ஏதோ ஆசைய வச்சிட்டுப் போயிருக்காரு மச்சான். நாங்க செய்யறோம்னு வாய்விட்டுச் சொல்லுங்க. அப்பத்தான் எடுக்கும்."

"அண்ணே, அண்ணிய நான் பாத்துக்கிறேன்" என்றேன். வரவில்லை. பசு வாங்குகிறேன் என்றேன். ஆர்மோனியம் என்றேன். மூவாரில் கடை என்றேன். மோட்டார் வண்டி என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

"பங்களாவையும் சேத்துக்கப்பா!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

"இந்தப் பக்கம் காக்காயே கெடையாது. வரும்போதே கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்திருக்கணும்" என்றார் இன்னொருவர். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

காகத்தைக் கூப்பிடத் தூக்கியிருந்த என் கையைப் பெரியம்மா பிடித்து இறக்கினார். "போதும் தம்பி. ஆகாததையெல்லாம் ஒத்துக்காதீங்க. அவரும் இப்படித்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு." அப்போது ஒரு மைனா வந்து இரண்டு பருக்கையைக் கொத்திவிட்டுப் பறந்தது. அது போதும் என்று பெரியவர்கள் சொல்ல, மீதியை ஆற்றில் விட்டுவிட்டு வந்தோம்.

எனக்குத்தான் போதவில்லை. இங்கே காகம் இல்லாததால் வரவில்லையா, அவர் மனம் இன்னும் ஆறாததால் வரவில்லையா? வருஷம் முழுக்க நினைத்துப் பார்த்தும் விளங்கவில்லை. எது கிடைத்திருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார் என்று சொல்லவும் எனக்குப் படிப்பில்லை. ஆசைப்படாதீர்கள் என்று உங்களுக்கு எழுதவும் கை வரவில்லை. ஆசையில்லாத மனிதராக இருந்திருந்தால் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறியிருக்க மாட்டார். நீங்களும் இங்கே பிறந்திருக்க மாட்டீர்கள்.

உடனிருந்து மருந்து கொடுத்த டிரெஸர் அவர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய உங்கள் மாமாவுக்கும், அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும் நம் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளே, திதிக்கும் அதே ஆற்றங்கரையில்தான் இலை போடுவோம். இந்தத் தடவை நான் எதையும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. நீங்களும் அது வேண்டுமா, இது வேண்டுமா என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அவர் யோசிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அப்பா