தாகம் இல்லாத இடம்

என்னைப் பெற்ற அத்தா மவுத்தாகிக் கண் மூடியது யுத்த காலத்தில், ஒரு வைகாசி மாதத்து நடுப்பகலில். ராசிபுரத்தில் அவருக்கு நெய் வியாபாரம். சுற்றுவட்டாரச் சந்தைகளிலும் தோட்டங்களிலும் வெண்ணெய் வாங்கி வந்து, வீட்டுப் பின்கட்டில் உருக்கி, டின்னில் அடைத்துச் சேலத்துக்கு அனுப்புவார். நாளெல்லாம் நெய்யோடு புழங்கிய அந்த மனிதருக்குச் சோற்றில் நெய் விட்டால் பிடிக்காது. பலகாரத்தில் ஆசை இல்லை, வெற்றிலை போட மாட்டார். அவருக்குப் பிடித்தது தண்ணீர்.

கோடை வெயிலில் சைக்கிள் மிதித்து வீடு திரும்பும்போது அவர் முகம் கருத்து, உதடு வெடித்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்காருவார். அம்மா, வெட்டிவேர் போட்ட பானையிலிருந்து செம்பு நிறைய மொண்டு கொடுப்பாள். பிஸ்மி சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் குடிப்பார். குடித்து முடித்ததும் அவர் சொல்லும் "அல்ஹம்துலில்லாஹ்" வாசல் வரைக்கும் கேட்கும்.

"ஏனுங்க, இத்தனை ஊரு சுத்தி வாரீங்க, ஒரு ஊட்டுலகூடவா ஒரு வாய் தண்ணி குடுக்கல?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள். அத்தா சிரிப்பாரே தவிரப் பதில் சொல்ல மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் சொர்க்கத்தைப் பற்றிய பயான் கேட்டுவிட்டு வந்தார். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

"பாலாறு, தேனாறு எல்லாம் ஓடுதாம் அம்மிணி," என்றார் என்னிடம். "ஆனா அங்க வெயிலும் கிடையாதாம், தாகமும் எடுக்காதாம். தாகமே எடுக்காட்டி தண்ணி எப்படி ருசிக்கும்?"

"அல்லா குடுக்கற எடத்துல குத்தம் கண்டுபிடிக்காதீங்க," என்றாள் அம்மா.

"குத்தமில்ல புள்ள. சந்தேகம்."

அப்படிப்பட்டவருக்கு மகோதரம் வந்தது. காலும் வயிறும் வீங்கின. வைத்தியர் முதலில் நிறுத்தச் சொன்னதே தண்ணீரைத்தான். சில கரண்டிக்கு மேல் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் வாக்கப்பட்ட எடப்பாடிக்குச் செய்தி வந்ததும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரியில் ஓடிய பஸ்ஸில் சேலம் வந்து, அங்கே மாறி ராசிபுரம் போய்ச் சேர்ந்தேன். அத்தா தண்ணீர் கேட்டு நான் பார்க்கவில்லை. பானை இருந்த மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா அதைத் தாங்க முடியாமல் பானையைச் சமையல்கட்டுக்கு மாற்றினாள். "நல்லதாப் போச்சு," என்றார் அத்தா.

கடைசி நாள் காலையில் வைத்தியர் வந்து நாடி பார்த்தார். அம்மாவைத் தனியே அழைத்து, "இனி அவரு கேக்கறதக் குடுங்கம்மா," என்றார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. உள்ளே போய்ச் செம்பு தளும்ப மொண்டு வந்தாள். நான் அத்தாவைத் தூக்கி என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவர் அந்தச் செம்பைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூன்று மிடறு குடித்தார். போதும் என்று கையைக் காட்டினார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை, ஆனால் என்ன சொன்னார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மத்தியான லுஹர் பாங்குக்குச் சற்று முன் மூச்சு அடங்கியது. அந்த மூன்று மிடறை அவருக்குக் கொடுக்க வைத்த இறைவனுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

அம்மா இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. அடக்கத்துக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர், "கூட இருந்துட்டே வா," என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் மாமி ஒருத்தி தினமும் மாலையில் வந்து ஓதுவாள். ஓதி முடித்து, சொர்க்கத்தின் சுகங்களை எங்களுக்கு ஆறுதலாகச் சொல்லுவாள். "உங்கத்தாவுக்கு இனிப் பசியில்ல, தாகமில்ல," என்பாள். அதைக் கேட்டு மனம் குளிர வேண்டியவள்தான் நான். ஆனால் அவரிடம் இருந்த ஒரே சொத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி எனக்கு இருக்கும்.

அம்மாவின் கவலை வேறாக இருந்தது. ஒரு மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"அங்க ஹூருலீன்கள், அந்தச் சொர்க்கத்துப் பொண்ணுங்க, இருப்பாங்கல்ல?"

"அப்படித்தானுங்கம்மா சொல்றாங்க."

"எல்லாரும் வாலிபமா இருப்பாங்களாம். உங்கத்தாவும் இப்ப வாலிபமா ஆயிருப்பாரு. நான் போய்ச் சேந்தா அவருக்கு என்னை அடையாளம் தெரியுமா?"

"நீங்களும் வாலிபமாத்தான் இருப்பீங்க."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப ஒருத்தரையொருத்தர் தேடவேண்டியதுதான். கல்யாணமான புதுசுல நான் அவரு மொகத்தையே நிமிந்து பாத்ததில்ல. வாலிபத்துல எப்படி இருந்தாருன்னு எனக்கெப்படித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். அத்தா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் சிரித்தது அன்றுதான். சிரித்து ஓய்ந்ததும் இரண்டு பேரும் அழுதோம்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள், அத்தாவுக்கு வாடிக்கையாக வெண்ணெய் கொடுத்துவந்த கவுண்டரம்மா ஒருத்தர் பின்வாசல் வழியாக வந்தார். இலையில் பொதிந்த வெண்ணெய் உருண்டையை அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"சந்தையிலதானுங்க சொன்னாங்க. தங்கமான மனுசன். எனக்கு ஒரே ஒரு கொறதானுங்க. இத்தன வருசத்துல எங்க ஊட்டுல ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சதில்லீங்க. மோரு குடுத்தாலும் வேண்டாம்பாரு. நாங்க குடுக்கறது ஒத்துக்காதோன்னு நெனச்சு, ஒரு நாளு கேட்டே போட்டேன்."

"என்ன சொன்னாரு?" என்றாள் அம்மா.

"'ஊட்டுல எஞ் சம்சாரம் பானையில வெட்டிவேரு போட்டு வெச்சிருப்பா. வழியில குடிச்சுப்போட்டா அங்க போயிப் பாதித் தாகத்தோடதானுங்க குடிக்கோணும்'னாரு."

அம்மா எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். கவுண்டரம்மா ஒரு கணம் தயங்கினார். பிறகு வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டு முழுவதும் குடித்தார்.

அவர் போன பின், "கிறுக்கு மனுசன்," என்றாள் அம்மா. அவள் முகம் கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவள் முகம் போல இருந்தது. அதற்குப் பிறகு ஹூருலீன்களைப் பற்றி அவள் என்னிடம் கேட்கவில்லை.

எனக்கும் மனம் லேசானது. அந்த இடத்தில் என்ன உண்டு, என்ன இல்லை என்று எனக்குத் தெரியாது. அத்தாவுக்கு எதில் சந்தோஷம் என்பது அவரைப் படைத்தவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். அதுமுதல் என் துஆவில் கேட்பது குறைந்து, நன்றி சொல்வது கூடியது.

இத்தா முடிந்ததும் அம்மாவை எடப்பாடிக்கு அழைத்துப் போனேன். அவள் ஊரைவிட்டு வெளியே போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு மேட்டில் பஸ் ஏறமாட்டாமல் நின்றுவிட்டது. கிளீனர் இறங்கிக் கரியைக் கிளறிவிட்டு விசிறியைச் சுற்றினான். எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் துப்பட்டியைச் சற்று விலக்கி, என் குழந்தையை மடியில் நிறுத்திக்கொண்டு, நிலக்கடலைக் காட்டின் மேல் வந்த காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பக் கெளம்பிருமுங்கம்மா," என்றேன்.

"நிக்கட்டும் கண்ணு," என்றாள். "என்ன அவசரம்?"