அண்டாவில் கலந்த அரிசி

நகரத்தில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியிலுள்ள என் வீட்டில் அரிசி டின்னைத் திறந்தேன். காய்ந்த வேப்பிலை வாசம் முகத்தில் அறைந்தது. இங்கே நான் போகும் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவிலிருந்து என்னை நீக்கி எட்டு நாள் ஆகிறது. வேறு சபை தேடிக்கொண்டிருந்த என்னை அந்த வாசம் சொந்த ஊரான எருமப்பட்டிக்கு, என் பத்து வயதுக்கு, இழுத்துப் போனது.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று அம்மா எடுத்து வைப்பாள். ஞாயிறன்று பெண்கள் அதைக் கொண்டுபோய்ச் சபை அண்டாவில் சேர்ப்பார்கள். எங்களுடையது வேப்பிலை போட்டு வைத்த ரேஷன் அரிசி. ஒருநாள் சபை மூப்பர் அதை முகர்ந்து பார்த்து, "இது கோழிக்குத்தான் ஆகுமுங்க" என்று தனியே வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"வேற சபைக்குப் போயிரலாம்மா" என்று அழுதேன்.

"நாம போயிட்டா அந்தாளு நிம்மதியாத் தூங்குவான் சாமி. நான் போவமாட்டேன்."

அடுத்த ஞாயிறு முதல் அம்மாவே அரிசியை அண்டாவில் கொட்டி, முழங்கை வரை கைவிட்டுக் கலக்கினாள். எது யாருடைய அரிசி என்று ஒருவராலும் பிரிக்க முடியவில்லை. மூப்பர் பல்லைக் கடித்தார். பதினோரு வருடம், ஒரு ஞாயிறும் அவள் தவறவில்லை.

மூப்பர் படுக்கையில் விழுந்தபோது, நோயாளிகளுக்குக் கொடுக்கும் வழக்கப்படி சபை அரிசி அவர் வீட்டுக்குப் போயிற்று. சுமந்து போனவள் அம்மா. கஞ்சி காய்ச்சி அவளே ஊட்டினாள்.

"நல்லாக் குடிங்க மூப்பரே. கோழித் தீனியும் இதுலதானுங்க இருக்குது."

அவர் விழுங்கி முடிக்கும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

டின்னை மூடினேன். வரும் ஞாயிறு அதே சபைக்குத்தான் போகிறேன். பாடகர் குழுவுக்கு நேர் எதிரே, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்காதபடி பாடுவேன்.