மிலிசாவின் கழுத்துப் பிடிப்பு

மிலிசாவ் காற்றுப் பட்டுத்தான் செத்தான் என்று எங்கள் நீஷ் நகரத்து பஸ் டிப்போவே சொல்கிறது. சொல்லட்டும். எங்களுக்குப் பல் வலித்தாலும் காற்று, இடுப்பு பிடித்தாலும் காற்று. எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் திருடன் புகுந்துவிட்டதுபோல் ஓடிப்போய்ச் சாத்துவோம். நானும் சாத்துகிறவள்தான். ஆனால் அவனைக் கொன்றது காற்றில்லை, அவன் வீட்டு வாசல்.

என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன் அவன். எங்களுக்கு அது கூடப்பிறந்ததற்கும் மேல். ஒரே தடத்தில் முறை மாற்றி பஸ் ஓட்டினோம். அவனைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் பல்லை உடைப்பேன். ஒருமுறை சந்தையருகே பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை சக்கரத்துக்கு முன்னால் பாய்ந்தது. சரியான நேரத்தில் பிரேக் போட்டான். குழந்தைக்குக் கீறல்கூட இல்லை, இவனுக்குத்தான் கைகால் உதறியது. ஒரு காப்பி குடித்ததும் குழந்தையின் அம்மா தன்னைத் திட்டியதை நடித்துக் காட்டினான். வந்த பயம் வந்த வழியே போய்விட்டது. பயணிகளின் வசவும் அப்படித்தான், திருப்பித் திட்டிவிட்டு மறந்துவிடுவான்.

மறக்க முடியாதது ஒன்றுதான். அப்பா நட்ட அக்ரூட் மரத்தைத் தம்பி ஒப்ராத் கேட்காமல் வெட்டிவிட்டான். பேச்சு நின்றது. இருவரும் குடியிருந்த ஒரே வீட்டுக்கு நடுவே செங்கல் சுவர் எழுந்தது. ஆனால் முற்றமும் வெளிக்கதவும் ஒன்றுதானே? விடிகாலையில் மிலிசாவ் ஷூவை மாட்டிக்கொண்டு தன் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்தபடி நிற்பான். தம்பி போன சத்தம் கேட்டால்தான் வெளியே வருவான். வருஷக்கணக்கில் இதே கதை. தூங்கும்போதுகூடப் பல்லைக் கடிக்கிறான் என்று அவன் மனைவி ஸ்தமேனா என்னிடம் அழுதாள்.

பிறகு கழுத்துப் பிடித்தது. வலி இடது தோளுக்கு இறங்கியது. ஓட்டுநர் ஜன்னலை மூடி வை என்று டிப்போ முழுக்க வைத்தியம் சொன்னது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன்னப் பிடிச்சிருக்கிறது காத்தில்ல, உன் தம்பி ஒப்ராத்துதான். நெஞ்சு டாக்டரப் போய்ப் பாரு."

"ஒப்ராத்துக்கு மாத்திரை இருந்தா நீயே வாங்கிட்டு வா," என்று சிரித்தான். போகவில்லை.

டிசம்பரில் அவர்கள் குடும்பத்துப் புனிதரின் திருநாள் வந்தது. ஒரே குடும்பம், ஒரே புனிதர், சுவருக்கு இருபுறமும் இரண்டு விருந்து. வந்தவர்கள் இங்கே சாப்பிட்டு அங்கேயும் சாப்பிட வேண்டும், ஒரு பக்கம் குறைத்தாலும் வருத்தம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பிடித்து உடைக்க வேண்டிய ரொட்டியின் மறுபாதியை நான் பிடித்தேன். மிலிசாவின் கை என் கையில் இடித்தது, ஐஸ்போல் இருந்தது. சுவருக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். அவன் அந்தப் பக்கமே காதைக் கொடுத்தபடி அப்படியே சரிந்தான்.

உடனே சமையலறை ஜன்னலைச் சாத்தினார்கள். சட்டையைக் கழற்றிப் பிளம் சாராயம் தேய்த்தார்கள், சுட்ட உப்பு மூட்டை வைத்தார்கள். ஆளாளுக்கு நாட்டாமை. நான் அவர்களைக் கத்திவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

சுவருக்கு அப்பால் சிரிப்பு நின்றது. சற்றைக்கெல்லாம் எங்கள் கதவு திறந்தது. செருப்புகூடப் போடாமல் ஒப்ராத் வாசலில் நின்றான். உள்ளே வரக் கால் எழவில்லை பாவிக்கு. பனிக்காற்று வீட்டுக்குள் புகுந்தது.

மிலிசாவ் கண் திறந்து அவனைப் பார்த்தான்.

"உள்ள வாடா. வந்து கதவச் சாத்து, காத்தடிக்குது."

ஒப்ராத் சாத்திவிட்டு வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் வந்தபோதும் விடவில்லை, உயிர் போய்விட்டது என்று அதில் வந்தவர்கள் சொன்ன பிறகும் விடவில்லை.

அடக்கம் முடிந்ததும் ஒப்ராத் என்னிடம் வந்தான்.

"ராதொய்கா, வேலைக்கு நேரமாகிற வரைக்கும் நானும் தினம் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். அவன் முதல்ல போகட்டும்னு."

எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போதும் விடிகாலையில் அண்ணன் கதவு திறக்கும் சத்தத்துக்காக அங்கேயே நிற்கிறானாம். தினமும் வேலைக்குத் தாமதமாகப் போகிறான்.